படகு எங்கே அத்தான்?

கம்பெனி செலவில் இத்தாலி போய் வந்ததிலிருந்து என் மச்சினனின் தொல்லை தாங்கவில்லை. "அத்தான், வெனிஸ்ல ஆட்டோ, பஸ் எதுவும் ஊருக்குள்ள கிடையாது. எல்லாம் கால்வாய், படகுதான். 118 தீவு, நானூறு பாலத்துக்கு மேல! ஊரைப் பார்க்கவே டிக்கெட்!"

நிஜம்தான். 2024-லிருந்து, குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோவில் ஆரம்பித்து வசூலிக்கிறார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க தஞ்சாவூர்லயும் ஊருக்கு நடுவுல கால்வாய் ஓடுது, மாப்ளே!" என்று 2025 மே கடைசியில் ரயில் ஏற்றிவிட்டேன். மாசத்தில்தான் கோட்டை விட்டேன்.

1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயில் விமானத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்தான். 216 அடியாச்சே! அடுத்து, ஜம்பமாகப் புது ஆற்றைக் காட்டினேன். கல்லணையிலிருந்து வரும் கால்வாய். மேட்டூர் அணை திறந்த 1934-ல் வந்தது. தொண்ணூறு தாண்டியும் பெயர் என்னவோ 'புது' ஆறுதான்!

எட்டிப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே பையன்கள் செங்கல்லை அடுக்கி வைத்து கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"படகு எங்கே அத்தான்?"

"லஞ்ச் பிரேக்" என்றேன்.

கூட வந்த அப்பா சிரிக்கவில்லை. "ஜூன் 12-ல மேட்டூரைத் திறக்கணும் தம்பி. 2012-ல செப்டம்பர் 17-லதான் திறந்தாங்க. குறுவை போச்சு. இவனுக்கு பி.காம். கடைசி வருஷம். இவங்க அம்மா வளையலை வச்சுத்தான் ஃபீஸ் கட்டினேன். ஆத்துல தண்ணி இல்லாத வருஷம், அடகுக் கடையில நகை மூழ்கிடுச்சு."

எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 'கை பருத்துடுச்சுடா, வளையல் இறுக்குது. கழட்டி வச்சுட்டேன்' என்று அம்மா அப்போது சொன்னதை நம்பியிருந்தேன். மூன்று வருஷம் வரவு செலவு படித்தவன், வீட்டுக் கணக்கில் பூஜ்யம்!

ஜூன் மூன்றாவது வாரம் அப்பா போன் செய்தார். "புது ஆத்துல தண்ணி வந்துடுச்சுடா!" பின்னால் இரைச்சல். பாலத்து மேல் நிற்கிறார் போலிருக்கிறது. மச்சினனிடம் போனைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் காதில் வைத்திருந்தான். வெனிஸ் பேச்சே எடுக்கவில்லை.

ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டு வளையல் அளவு கேட்டேன்.

"எதுக்குடா? இறுக்கும்" என்றாள்.