மணல் வழியும் ஓர் அங்குல உயரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரைபடத்தை நோக்குவோர், பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்காக நீண்டு செல்லும் ஒடுங்கிய நிலத்துண்டொன்றைக் காண்பர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே கடல்நீரேரி, நடுவே மணல். வடமராட்சி கிழக்கு என வழங்கும் இப்பகுதியிலே நாகர்கோவில், மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு எனக் கரையூர்கள் தொடர்ந்து சென்று சுண்டிக்குளத்தை அடைகின்றன. பெருவழி பல இடங்களிற் செப்பனிடப்பட்டுள்ளது. ஆயினும் அதிலிருந்து வளவுகளை நோக்கியும் கடற்கரையை நோக்கியும் பிரியும் கிளைவழிகள் பல இன்னும் மணலும் கிரவலுமாகவே கிடக்கின்றன. உழவு இயந்திரங்கள் ஓடி ஓடி இருபுறத்துச் சக்கரத்தடமும் பள்ளமாகிவிட, நடுவிலே மேடு எழுந்து நிற்கும். உயர்ந்த உழவு இயந்திரத்துக்கு அம்மேடு ஒரு பொருட்டன்று. தாழ்ந்த மோட்டார் வண்டியின் வயிற்றையோ அது உரசிக் கிழித்துவிடும்.

என் தாயார் பிறந்த வளவு அத்தகைய கிளைவழியொன்றின் முடிவிலே உள்ளது. போர்க்கால இடப்பெயர்வாலும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையாலும் அங்கே வீடென்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை. எனினும் எண்பத்திரண்டாவது வயதில், "அந்தக் கிணத்தை ஒருக்காப் பாத்திட்டு வந்தாக் காணும்" என்று அவர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. முதுகு நோயுள்ள அவரை முச்சக்கர வண்டியிலே குலுக்கிக்கொண்டு செல்லவும் இயலாது. மணலில் அரைக்கட்டை தூரம் நடத்தவும் இயலாது.

எங்களிடம் இருப்பது பழைய ஹொண்டா வெசல். குறொஸ்ஓவர் என்னும் இவ்வினத்து வண்டிகள் தோற்றத்திலே ஜீப்பின் சாயல் உடையன. உடலமைப்பிலே காரின் உடன்பிறப்புகள். நால்வர் ஏறியமர்ந்தால் அடிப்பாகம் மேலும் தாழ்ந்துவிடும். ஜீப் வாங்கலாமே என்பீர்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இலேதான் மீண்டும் தொடங்கியது. விலையோ ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே இருக்கும் வண்டியையே சற்று உயர்த்துவதெனத் தீர்மானித்தோம்.

என் தமக்கையின் மகன் தொழில்நுட்பக் கல்லூரியிலே மோட்டார்த் தொழில் பயின்றவன். ஸ்பேசர் எனப்படும் 30 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள துண்டுகள் நான்கை அவன் வாங்கி வந்தான். ஒரு சனிக்கிழமை காலை, சீமெந்திட்ட எங்கள் முற்றத்திலே வேலை தொடங்கிற்று. ஜாக்கியால் உயர்த்திய வண்டியை அதன் தலையிலேயே விட்டுவிட்டு எவரும் அடியிற் புகலாகாது என்பது அவன் முதற் கட்டளை. செங்கல்லை அடுக்கி வைப்பதும் கூடாது. கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். நிலத்திலே ஊன்றிய இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இருத்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, இருபுறமும் தள்ளிப் பார்த்த பின்னரே சக்கரங்களைக் கழற்றினோம்.

முன்புறத்திலே ஸ்பிரிங்கும் ஷொக்கப்சோபரும் ஒரே தண்டாக இணைந்து, மேலே மூன்று நட்டுகளால் வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். அம்மூன்றையும் கழற்றித் தண்டை இறக்கி, அதன் தலைக்கும் உடலுக்கும் இடையிலே துண்டை வைக்க வேண்டும். ஆனால் அம்மூன்றின் நடுவிலே பெரிய நட்டு ஒன்று உண்டு. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அதுவே. "மாமா, நடுவிலை நிக்கிற நட்டிலை மட்டும் கை வையாதேங்கோ. ஸ்பிரிங் பாய்ஞ்சுதெண்டா ஆளைக் கொண்டுபோடும்" என்றான் மருமகன். பின்புறத்து வேலை எளிது. ஷொக்கப்சோபரின் கீழ் ஆணியைக் கழற்றியதும் குறுக்குத் தண்டு தாழ, ஸ்பிரிங் தானாகவே கைக்கு வந்துவிடுகிறது. அப்போது பிரேக் குழாய் இழுபடாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். றப்பர் பொருந்திய இணைப்புகளின் ஆணிகளைச் சக்கரங்கள் நிலத்தைத் தொட்ட பின்னரே இறுதியாக முறுக்க வேண்டுமென்பதும் அன்று நான் கற்ற பாடம். தொங்கும் நிலையில் முறுக்கினால் றப்பர் எந்நேரமும் முறுகியே நின்று விரைவிற் கிழியுமாம்.

மறுநாள் கராஜிலே சக்கர நேர்ப்பாடு பார்ப்பித்து, மேல்நோக்கிப் பாய்ந்த முன்விளக்குகளையும் தாழ்த்தினோம். இதனைச் செய்யாதோர் இரவிலே எதிர்வரும் சைக்கிள்காரரின் கண்ணைக் குருடாக்குகின்றனர். வண்டி வளைவுகளிலே முன்னையிலும் சற்றுச் சாய்கிறது. உயரம் கூடினால் அது நேரவே செய்யும். 30 மில்லிமீற்றருக்கு மேலே ஆசைப்படுவதை நான் விரும்பவில்லை. அச்சு மூட்டுகளின் கோணம் கெடுவதோடு, சட்டமும் காப்புறுதியும் கேள்வி கேட்கும்.

இவ்வேலையையெல்லாம் விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார், "காரை உயத்தினாப்போலை மணல் வழி விடுமோ?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. மேட்டைத் தாண்ட உயரம் உதவும். புதைமணலிலே அது உதவாது. அங்கே வேண்டுவது டயரின் காற்றைக் குறைப்பதே. 32 இறாத்தலை 18 ஆக்கினால் டயர் தட்டையாகி நீளமாகப் பதிந்து பாரத்தைப் பரப்பும். வண்டி மணலின் மேலே மிதப்பதுபோற் செல்லும்.

மாசி மாதத்து ஞாயிறொன்றிலே புறப்பட்டோம். வல்லிபுரத்தில் ஆழ்வாரை வணங்கி, மணற்காட்டின் சவுக்குத் தோப்புகளையும், மணற்குன்றுகளிடையே நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்களையும் கண்டு தெற்கே சென்றோம். கிளைவழி பிரியுமிடத்திலே காற்றைக் குறைத்தான் மருமகன். நடுமேட்டிலிருந்த புல் அடித்தகட்டைச் சரசரவென்று தடவிற்று. ஆனால் மண் தொடவில்லை. ஓரிடத்திலே பின்புறக் குறுக்குத் தண்டு மட்டும் இலேசாக உரசிற்று. அது உடலோடு முழுவதும் உயர்வதில்லை.

வளவிலே மூன்று பனைகளும் கிணறும் நின்றன. இக்கரையிலே மழைநீர் மணலுள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். ஆதலால் ஆழமின்றித் தோண்டிய கிணறுகளே நன்னீர் தருவன. ஆழிப்பேரலை உவர்ப்பாக்கிய கிணறு இன்று எப்படியிருக்குமோ என்ற ஐயத்தோடு மருமகன் வாளியை இறக்கினான். தாயார் ஒரு கை அள்ளிக் குடித்தார். "கொஞ்சம் சவர்தான். எண்டாலும் எங்கடை தண்ணிதான்" என்று சொல்லி, போத்தலொன்றில் நிரப்பச் சொன்னார்.

அங்கிருந்து சுண்டிக்குளம் வரை போனோம். 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடம் 2015 முதல் தேசியப் பூங்காவாக உள்ளது. திரும்பும் வழியில், தார் வீதியின் விளிம்பிலே வண்டியை நிறுத்தி, சிறிய மின்பம்பியால் நான்கு டயர்களுக்கும் மீண்டும் காற்று அடித்தோம். அந்த அரைமணி நேரமும் தாயார் போத்தலை மடியிலே வைத்துக்கொண்டு, கடல்நீரேரியில் நின்ற பூநாரைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.