இடம்பெயர்ந்த கோள்கள்

மதுரையில் சிம்மக்கல்லுக்குத் தெற்கே, மீனாட்சியம்மன் கோயிலில் நவக்கிரகங்கள் அசையாமல் நிற்கின்றன, சுற்றுகிறவர்கள் பக்தர்கள். பள்ளிப் பாடநூலின் சூரியக் குடும்பப் படமும் ஏறக்குறைய அதே உறுதியோடுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கோள்கள் சுற்றுவதை ஒப்புக்கொள்கிறோம்; ஆனால் அவை பிறந்தநாள் முதல் இதே பாதைகளில்தான் ஓடுகின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன் வாயுவும் தூசியும் கலந்த தட்டிலிருந்து கோள்கள் திரண்டன. திரண்ட இடத்திலேயே அவை எல்லாம் தங்கிவிடவில்லை.

இதற்கு வலுவான சாட்சி புளூட்டோ. அதன் நீள்வட்டப் பாதை நெப்டியூனின் பாதைக்கு உள்ளேயும் வந்துபோகிறது. 1979 முதல் 1999 வரை அது நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தது. ஆனாலும் இரண்டும் மோதுவதில்லை. நெப்டியூன் மூன்று சுற்று முடிப்பதற்குள் புளூட்டோ சரியாக இரண்டு சுற்று முடிக்கிறது. இந்தக் கணக்கு தப்பாததால் அவை நெருங்குவதே இல்லை. இப்படியொரு பொருத்தம் எங்கிருந்து வந்தது? டெல்லி ஐ.ஐ.டி.யில் இயற்பியல் படித்த ரேணு மல்ஹோத்ரா 1993இல் விடை சொன்னார். கோள்கள் உருவானபின் எஞ்சிய எண்ணற்ற சிறு பாறைகளை நெப்டியூன் சூரியப் பக்கமாகத் தள்ளியது. தள்ளத் தள்ளத் தானும் மெல்ல வெளிப்புறம் நகர்ந்தது. போகிற வழியில் புளூட்டோவைத் தன் சுற்றுக் கணக்குக்குள் சிக்கவைத்து, அதன் பாதையையும் நீட்டிவிட்டது. பாதை இவ்வளவு நீள வேண்டுமானால், சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் ஏறக்குறைய 5 மடங்கு நெப்டியூன் நகர்ந்திருக்க வேண்டும்.

யாரும் பார்க்காத ஒன்றைக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்த்து நம்பலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கணக்கு, நடந்ததை விளக்கியதோடு நிற்காமல் இனிக் கிடைக்கப்போவதையும் சொன்னது: புளூட்டோவைப் போலவே சிக்கிய வேறு பொருட்களும் அங்கே இருக்க வேண்டும். இன்று அத்தகையவை நூற்றுக்கணக்கில் தெரியும். போதாததற்கு, 1995இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் வேறொரு சூரியனை 4.2 நாளில் சுற்றும் பெருங்கோளைக் கண்டார்கள். அவ்வளவு வெப்பத்தில் அத்தனை பெரிய கோள் திரள்வது மிகக் கடினம். தொலைவில் பிறந்து உள்ளே நகர்ந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

எல்லாம் ஆதியில் நடந்து முடிந்த கதைதானே என்றொரு மறுப்பும் உண்டு. அதற்குப் பதில் நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கிக் கடந்தபோது, காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அந்த விண்மீன் சற்று மங்கியதைப் பதிவு செய்தார்கள். யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட இரவு அது. ஒன்றோடொன்று உரசும் துகள்களால் ஆன அந்த மெல்லிய வளையங்கள் காலப்போக்கில் பரவிக் கலைந்துவிடும். சூரியக் குடும்பத்தின் வயது அவற்றுக்கு இருக்க முடியாது. யுரேனஸின் சிறு நிலவுகளான கியூபிட், பெலிண்டா ஆகியவற்றின் பாதைகள் ஒரு கோடி ஆண்டுக்குள்ளாகவே குறுக்கிடக்கூடும் என்று கணக்குகள் காட்டுகின்றன. அவை மோதினால் சிதறும் துண்டுகள் இன்னொரு வளையமாகலாம்.