பிரேக் பிடிக்கும் வேலை

எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் ஊசித்துளை ஒன்று. அதற்குள் மெல்லிய எஃகுக் கம்பியை நுழைத்து, இடுக்கியால் புரிபுரியாக முறுக்கி, பக்கத்திலிருந்த எஞ்சின் உறுப்பு ஒன்றோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார் மெக்கானிக். போல்ட் எந்தத் திசையில் கழலுமோ அதற்கு எதிர்த்திசையில் கம்பி இழுத்துப் பிடிக்க வேண்டும். லாக் வயர் என்கிறார்கள். ஆயில் ஃபில்ட்டருக்கு உண்டு, பிரேக் காலிப்பர் போல்ட்டுக்கும் உண்டு. ஒற்றை சிலிண்டர் எஞ்சினை நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் விரட்டினால், அந்த அதிர்வில் எவ்வளவு இறுக்கிய போல்ட்டும் மெல்ல இளகிவிடும்.

“இது நம்ம பையனுக்காக மட்டும் இல்ல சார். ஆயில் கொட்டுனா அவன் தப்பிச்சுப் போனாலும் போயிருவான். பின்னாடி வர்றவன் கண்டிப்பா விழுவான்” என்றார் தலைநிமிராமல்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில்தான் இந்த ரேஸ் தடம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டி, 1990-இல் திறந்தது. நீளம் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். வண்டிகளைத் தயார்செய்யும் பிட்டில் இருப்பவர்கள் ‘ட்ராக்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேசிய மோட்டார்சைக்கிள் ரேஸின் ஒரு சுற்று நடக்கும் வார இறுதியில் நான் போயிருந்தேன். மோட்டார்சைக்கிள் ரேஸ் ஓட்டுவது ஒருவருக்கு எப்படி வேலையாகிறது, அந்த வேலையில் கைத்திறன் என்பது எது என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமென்பது நெடுநாள் ஆசை.

ஓடும் முன் ஒவ்வொரு வண்டியும் பரிசோதனைக்குப் போகிறது. அங்கே பார்ப்பதில் பாதி, அடுத்தவன் உயிர் சம்பந்தப்பட்டது. ரேடியேட்டரில் கூலன்ட் கூடாது, வெறும் தண்ணீர்தான். கூலன்ட் தாரில் சிந்தினால் வழுக்கும், துடைத்தாலும் லேசில் போகாது. எஞ்சின் உடைந்தால் கொட்டும் எண்ணெயைத் தாங்க அடியில் தொட்டிபோல ஒரு பெல்லி பேன். முன் பிரேக் லீவருக்கு வெளியே வளைந்த ஒரு காவல் துண்டு. பக்கத்து வண்டி உரசும்போது பிரேக் தானாக அழுந்திவிடக் கூடாது. கண்ணாடி, ஸ்டாண்டு, விளக்கு எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். ரேஸ் என்றதும் நாம் துணிச்சலைத்தான் நினைக்கிறோம். அந்த வரிசையில் அரை மணி நேரம் நின்றால் போதும், இது முதலில் கவனத்தின் தொழில் என்று புரிந்துவிடும்.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். சின்ன வயதில் சோழவரத்தில் கை வைத்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில், ‘டி’ வடிவத்தில் வளைத்துப் போட்ட தடம் அது. இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் தென்னிந்தியாவின் ரேஸ் என்றால் சோழவரம்தான். எண்பதுகளின் பைக்குகளான ஆர்டி 350-யும் ஆர்எக்ஸ் 100-உம் அவர் பேச்சில் இன்றும் நேற்று ஓடியவைபோல வருகின்றன. அப்போது எஞ்சின் சரியாக எரிகிறதா என்று அறிய, முழு வேகத்தில் வரும் வண்டியை அப்படியே அணைத்து நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்களாம். இளம் பழுப்பு என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம். இன்று அந்த வேலையை லேப்டாப் செய்கிறது. அவருடைய மகன் வயதுப் பையன் ஒருவன் வண்டியின் எஞ்சின் கணினியான ஈசியூவில் வயரைச் சொருகி அளவுகளைத் திருத்துகிறான். அவன் திருத்தி முடித்ததும் இவர் ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பார்க்கத்தான் செய்கிறார்.

“ஆக்சிலேட்டர எவன் வேணா முறுக்குவான் சார். பிரேக் பிடிக்கிறவன்தான் ரேஸ்காரன்.”

இதைச் சொன்னவரும் அவர்தான். விளக்கியது அவருடைய ஓட்டுநர்: இருபத்தைந்தைத் தாண்டிய இளைஞர், வார நாட்களில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை. மணிக்கு 150 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 42 மீட்டரைக் கடந்துவிடும். அரை நொடி முன்னால் பிரேக் பிடித்தால் இருபது மீட்டர் வீண். அதற்குள் இரண்டு பேர் உள்ளே நுழைந்துவிடுவார்கள். அரை நொடி தாமதித்தால் தார் முடிந்து சரளை. ஆகவே ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணுக்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள்: தூரப்பலகை, தாரில் போட்ட ஒட்டு, மார்ஷல் நிற்கும் மேடை. முந்தின நாள் மாலை தடத்தை நடந்தே சுற்றி வருவது இதற்காக. நானும் கொஞ்ச தூரம் கூட நடந்தேன். என் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிந்த தாரில் அவர் மேடு, பள்ளம், பழைய ஒட்டு, புதிய ஒட்டு என்று வாசித்துக்கொண்டே வந்தார்.

அடையாளம் வந்ததும் லீவரை ஒரேயடியாக அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முதலில் மெதுவாக அழுத்தி, வண்டியின் எடை முன்னால் வந்து முன்டயரை நன்றாகத் தாரில் அமர்த்தும்வரை பொறுக்க வேண்டும். பிறகு இறுக்க வேண்டும். அப்போது பின்சக்கரம் காற்றில் எழும்பப் பார்க்கும். அந்தக் கணம் முழு வண்டியும் மனிதனும் முன்டயரின் உள்ளங்கையகல இடத்தில் நிற்கிறார்கள். திருப்பத்துக்குள் சாயத் தொடங்கியதும் லீவரை விடவேண்டும், ஆனால் பட்டென்று விடக் கூடாது. கை இளகும் வேகமும் வண்டி சாயும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு விரல்களால் செய்யும் வேலை இது. ஒரு லேப்பில் திரும்பத் திரும்ப, ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு லேப் என்று, மூச்சுமுட்டும் ஹெல்மெட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் நான்கு பேர் இடிக்கும்போது. நாதஸ்வரக்காரர் சீவாளியில் உதட்டை இறுக்கி இளக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த நுணுக்கத்தைத்தான் அந்த இரண்டு விரல்களில் கண்டேன்.

சாய்வதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 45 பாகை சாய்ந்து திரும்பும்போது ஓட்டுபவர் உடம்பில் அவர் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான பாரம் இறங்குகிறது. வலப்பக்கம் சாய வலக்கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். நாம் எல்லோரும் அண்ணா சாலையில் இதைத் தெரியாமலேயே செய்கிறோம். இவர்கள் தெரிந்து செய்கிறார்கள், எத்தனை பலத்தில் என்று அளந்து செய்கிறார்கள். முழங்காலில் ஒட்டிய பிளாஸ்டிக் ஸ்லைடர் தாரை உரசுவது படத்துக்கு அழகாக இருக்கும். ஓட்டுபவருக்கு அது எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்று சொல்லும் அளவுகோல்.

சின்ன எஞ்சின் ரேஸ்களைப் பெரியவை அளவுக்கு யாரும் மதிப்பதில்லை. எனக்கு அவைதான் பிடித்திருந்தன. 165 சிசி, 200 சிசி வண்டிகளில் யாருக்கும் மிச்ச சக்தி கிடையாது. நேர்த்தடத்தில் முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருபவர் அவர் முதுகுக்குப் பின்னிருக்கும் அமைதியான காற்றில் ஒளிந்து வந்து, கோட்டுக்குச் சற்று முன்னால் வெளியே எட்டிப் பாய்கிறார். அதனால் கடைசித் திருப்பத்தை முதலாவதாக விட்டு வெளியே வருவது பல சமயம் தோற்பதற்கான வழி. ஏழெட்டுப் பேர் ஒரே கொத்தாக வந்து, அதில் யார் யாருக்குப் பின்னால் நிற்பது என்று முழு லேப்பும் பேரம் நடக்கிறது. ஒரு கிலோ உடம்பு கூடினால்கூட இங்கே தெரியும். நான் போயிருந்த பிட்டில் மதியச் சாப்பாடாகத் தயிர்சாதப் பொட்டலம் வந்தது; மெக்கானிக்குகள் சாப்பிட்டார்கள், ஓட்டுபவர்கள் வெள்ளரிக்காயும் இளநீருமாக நிறுத்திக்கொண்டார்கள்.

விழுவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. முன்டயரோ பின்டயரோ வழுக்கி வண்டி படுத்துவிட்டால் அது லோசைட். கூடவே சறுக்கிப் போய் நிற்கலாம். வழுக்கிய பின்டயர் திடீரென்று மறுபடி பிடித்துக்கொண்டால் வண்டி ஆளைத் தூக்கி மேலே எறியும். அது ஹைசைட், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். விழுந்தால் வண்டியை விட்டுவிட வேண்டும். கையை ஊன்றக் கூடாது. ஊன்றினால் காலர்போன் போகும். எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று: சறுக்கல் நின்றுவிட்டது என்று தோன்றியதும் எழக் கூடாதாம். நூறில் போய்க்கொண்டிருந்த உடம்புக்கு முப்பது நின்றதுபோலத் தோன்றும். எழ முயன்றால் அந்த முப்பது தூக்கி உருட்டும். மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிவிட்டுத்தான் எழவேண்டும். “முதல் வருஷம் எண்ணாம எழுந்துட்டேன் சார்” என்று தோளில் ஒரு தழும்பைக் காட்டினார் அந்த இளைஞர்.

ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலில் கொடியோடு நிற்கும் மார்ஷல்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மஞ்சள் அசைந்தால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை போட்ட கொடி என்றால் தடம் வழுக்குகிறது. சிவப்பு என்றால் ரேஸ் நின்றது. ஒருவர் விழுந்த அடுத்த நொடியில் கொடியை அசைக்கிற அந்தக் கையை நம்பித்தான் பின்னால் வரும் அத்தனை பேரும் வேகத்தைக் குறைக்காமல் வருகிறார்கள்.

இத்தனை கவனத்தையும் மீறி நடப்பது நடக்கிறது. 2023 ஆகஸ்டில் இதே தடத்தில் தேசிய ரேஸின்போது, பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விபத்தில் இறந்தான். அந்த வார இறுதியின் மற்ற ரேஸ்கள் நிறுத்தப்பட்டன. 2021-இல் ஐரோப்பாவில் மூன்று இளம் ஓட்டுநர்கள் ரேஸ் தடங்களில் உயிரிழந்த பிறகு, உலக மோட்டார்சைக்கிள் அமைப்பு கிராண்ட் பிரி ரேஸ்களுக்கான குறைந்தபட்ச வயதை 18 ஆக்கியது. 2023-லிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கிராண்ட் பிரி ஓட்டுபவர்கள் உடையில் ஏர்பேக் இருப்பது 2018 முதல் கட்டாயம். நம் பிட்டில் அத்தகைய உடையை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பணம்தான் காரணம். குழந்தைகள் தடத்துக்கு வரும் வகுப்புகளிலாவது அதைக் கட்டாயமாக்கி, செலவை வண்டிக் கம்பெனிகள் ஏற்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. தடத்தைச் சுற்றி விளம்பரப் பலகை வைக்கிற எவருக்கும் அது தாங்க முடியாத தொகை அல்ல.

இனி பிழைப்பு. சென்னை இந்தியாவின் ரேஸ் தலைநகரானதற்கு வண்டி செய்கிறவர்கள் தமிழ்நாட்டிலேயே இருப்பதும் ஒரு காரணம்: ஓசூரில் டிவிஎஸ், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டும் யமஹாவும், டயருக்கு எம்ஆர்எஃப். டிவிஎஸ் 1982-இலேயே ரேஸ் அணி வைத்தது. எல்லோரும் ஒரே மாதிரி வண்டியில் ஓடும் ஒன் மேக் ரேஸை 1994-இல் தொடங்கியது. பெண்களுக்கென்று தனிப் பிரிவை 2016-இல் கொண்டுவந்தது. சொந்தமாக வண்டி தயார் செய்ய வசதியில்லாத பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த ஒன் மேக் ரேஸ்தான் வாசல். லேப் நேரம் நன்றாக வந்தால் கம்பெனி அணி கூப்பிடும். கூப்பிட்டால் வண்டி, மெக்கானிக், டயர், சம்பளம். கூப்பிடாவிட்டால் எல்லாம் கைக்காசு.

கூப்பிடப்பட்டவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்பது இந்த ஊரின் பெருமை. சென்னையின் சரத் குமார் 2011-இல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்புக்குப் போனார், இந்தியாவிலிருந்து அந்த உலகத்துக்குள் போன முதல் ஆள். அந்தப் பிரிவின் கடைசி ஆண்டும் அதுதான். அடுத்த ஆண்டே அதன் இடத்தில் மோட்டோ3 வந்துவிட்டது. ரஜினி கிருஷ்ணனும் ஜெகன் குமாரும் பலமுறை தேசிய சாம்பியன்கள், ஆசிய ரேஸ்களில் ஓடியவர்கள். ரேஸ் என்றால் நம் வீடுகளில் அஜித் குமார் பெயர் வருகிறது, மகிழ்ச்சி. அவரும் பைக்கில் தொடங்கியவர்தான். ரஜினி, ஜெகன், சரத் என்றும் அந்த வீடுகளில் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோஜிபி நடந்தபோது மோட்டோஜிபி வரிசையில் இந்தியர் எவரும் இல்லை. ஸ்பெயினில் நாலைந்து வயதில் குட்டி பைக்கில் ஏற்றிவிடுகிறார்கள். நம் பையன்களில் பெரும்பாலோர் லைசென்ஸ் எடுத்த பிறகுதான் தடத்தையே பார்க்கிறார்கள்.

முப்பது தாண்டியதும் பலருக்கு இடம் போய்விடுகிறது. சிலர் கம்பெனிகளில் டெஸ்ட் ரைடராகிறார்கள். புது மாடலின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் எப்படி இருக்கின்றன என்று உடம்பால் அறிந்து பொறியாளருக்குச் சொல்லும் வேலை. நம் வீட்டு வண்டி மழையில் வழுக்காமல் நிற்பதில் அவர்கள் பங்கு உண்டு. சிலர் பயிற்சி கொடுக்கிறார்கள், சிலர் பட்டறை வைக்கிறார்கள். எதுவும் அமையாதவர்களும் இருக்கிறார்கள். உடைந்து கூடிய எலும்புகளோடு முப்பத்திரண்டு வயதில் புதிதாக ஒரு தொழில் தேடுவதைப் பற்றி, பிட்டில் என்னோடு பேசிய ஒருவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஓடுகிற ஆண்டுகளுக்குப் பிறகும் தொடரும் மருத்துவக் காப்பீடு ஒன்றை மட்டும் கேட்டார்.

சர்வீஸ் சென்டர் இளைஞர் அன்று ஆறாவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிட்டார். “பின்னாடி ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல்லு கூட்டணும்ணா. திரும்பி வெளிய வரும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது.”

“கூட்டுனா ஸ்ட்ரெய்ட்ல பாதிலயே ரெவ் முடிஞ்சிரும்டா. அப்புறம் எவன் முதுகுல ஒட்டிட்டு வருவ?”

“முதல்ல அவன் முதுகு கிட்ட போகணும்ல?”

வண்டியை மினி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டும்வரை இது ஓயவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இளைஞர் வேலையில் இருக்க வேண்டும். கடைசியில் அடுத்த சுற்றுக்கு இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் எடுத்து வருவது, வெள்ளிக்கிழமை பிராக்டிஸில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு நேரம் பார்ப்பது, வெள்ளிக்கிழமை லீவு கேட்டு மேனேஜரிடம் இன்றிரவே பேசிவிடுவது என்று முடிவானது.