பற்று வரவும் வெறும் பட்டியலும்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு சின்ன மளிகைக்கடை. ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள்தான் பாதி வாடிக்கை. மாதம் முழுக்கக் கடன், சம்பளம் வந்ததும் பைசல். கடைக்காரர் மகன் பி.காம். படிக்கிறான். பி.ஹெச்.பி.யும் டாக்ட்ரினும் கற்றுக்கொண்டு அப்பாவின் கணக்கு நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான்.

டாக்ட்ரின் டேட்டாபேஸின் ஒவ்வொரு வரியையும் ஒரு ஆப்ஜெக்டாக்கிக் கொடுக்கும். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் துண்டுச்சீட்டில் எழுதித் தராமல், ஒரு குமாஸ்தாவையே அனுப்பி வைப்பது மாதிரி. குமாஸ்தாவுக்குக் கணக்கின் விதி தெரியும். எதையாவது திருத்தினால், சேமிக்கும்போது எது மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காகப் பழைய மதிப்பின் நகலையும் டாக்ட்ரின் வைத்திருக்கும்.

ஒரு வாடிக்கையாளருக்கு இது சரி. மாதக் கடைசியில் நாற்பதாயிரம் வரிக்கும் நாற்பதாயிரம் குமாஸ்தா வந்தால்? பி.ஹெச்.பி. வழக்கமாக ஒரு ஸ்கிரிப்டுக்கு விடும் மெமரி 128 எம்.பி.தான். ரிப்போர்ட் பாதியிலேயே படுத்துவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் மருந்து சுலபம். 'கெட் ரிசல்ட்' என்ற இடத்தில் 'கெட் அரே ரிசல்ட்'. ஆப்ஜெக்ட் கிடையாது, வெறும் அரே. ஜாங்கோவில் 'வேல்யூஸ்', ரெயில்ஸில் 'ப்ளக்' என்று இதற்கு அண்ணன் தம்பிகள் உண்டு. பையன் மாற்றினான். ரிப்போர்ட் சட்டென்று வந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம்!

மறுநாள் ஒரு அம்மா கடைக்கு வந்தார். அவர் வாங்கியது 1,500 ரூபாய்க்கு. கட்டியது 1,200. பாக்கி 300. ரிப்போர்ட்டில் 2,700. கடைக்காரர் நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டார். அந்த அம்மா பேசவில்லை. பையிலிருந்து தன் சின்ன நோட்டை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

நடந்தது இதுதான். பற்று, வரவு இரண்டும் டேபிளில் வெறும் எண்ணாகத்தான் இருந்தன. பக்கத்தில் எந்த வகை என்று ஒரு எழுத்து. வரவு என்றால் கழிக்க வேண்டும் என்ற விதி ஆப்ஜெக்டின் மெத்தடில் இருந்தது. குமாஸ்தாவை அனுப்பியதும் விதியும் அவரோடு போய்விட்டது. கட்டியதையும் சேர்த்துக் கூட்டிவிட்டான்.

அரே மேல் தப்பில்லை. படித்துக் காட்ட மட்டும் என்றால் அதுதான் சரி. திருத்திச் சேமிக்க, விதியோடு கணக்குப் பார்க்க ஆப்ஜெக்ட் வேண்டும். அரே எடுத்தால் விதியை நாம் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இப்போது கழித்தலை க்வெரியிலேயே வைத்துவிட்டான். கூட்டுவது டேட்டாபேஸின் வேலை, ஆளுக்கு ஒரு வரிதான் வருகிறது. மாதாமாதம் பத்துப் பேர் கணக்கை ஆப்ஜெக்ட் வழியாகவும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறான். பி.காம்.காரனுக்கு அது புதிதா என்ன, ஆடிட்டிங்தானே!

கடைக்காரர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் இப்போதும் அங்கேதான் வாங்குகிறார். சின்ன நோட்டை மட்டும் விடவில்லை.