ஊர்க் காணி, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு

கனடாவில் குடியுரிமைச் சத்தியம் செய்த அன்றே நான் இலங்கைக் குடிமகன் என்ற நிலையை இழந்துவிட்டேன். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுகிறவருக்கு இலங்கைக் குடியுரிமை அற்றுப்போகும். யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்து வெளிநாடு போனவர்களில் பலர் இதை உணராமலே ஊருக்கு வந்து போகிறார்கள். நயினாதீவுத் திருவிழாவுக்கு வர அது தடையில்லை. தொழில் தொடங்க வந்தால்தான் தெரியும்.

ஊர்காவற்றுறையில் ஒரு கடை போடுவதுதான் என் முதல் ஆசை. 2017 ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகளைச் சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். வெளிநாட்டவர் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த முதலோடு சில்லறை வியாபாரத்தில் இறங்க முடியாது. கரையோர மீன்பிடி அவர்களுக்கு அறவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நான் பிறந்த மண்ணில் நான் வெளிநாட்டவனா? அந்தக் கோபம் தணியக் கனகாலம் எடுத்தது. ஆனால் டொலரோடு வருகிற எவரும் கடை திறக்கலாம், கரைவலை இழுக்கலாம் என்றிருந்தால், இடப்பெயர்வு முடிந்து வெறுங்கையோடு திரும்பி வந்தவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அந்த விதி அவர்களுக்கானது. அது இருக்கத்தான் வேண்டும்.

கடையை விட்டு, வேலணையில் ஒடியலும் பனங்கட்டியும் பதப்படுத்திப் பொதிசெய்யும் தொழிலுக்குத் திரும்பினேன். அதற்குக் காணி வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. வெளிநாட்டவர் பாதியோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிக்கும் அதே தடைதான். முதிசமாக வருவதற்கு விலக்கு உண்டு. அதனால் அம்மாவின் காணியில் எனக்குரிய பங்கு என்னிடம் வந்தது. மச்சாள்மாரின் பங்கை வாங்க மட்டும் வழியில்லை. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் அந்தத் தடை விலகும். 1987 திருத்தத்தோடு வந்த அந்த வசதி 2011 இல் நிறுத்தப்பட்டு 2015 இல் மறுபடி திறந்தது. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் ஏட்டில் ஏற்றிய தேசவழமைச் சட்டம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. பங்குக்காணியை விற்பதற்கு முன் மற்றப் பங்குக்காரருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கு. எங்கள் பங்குக்காரர் பாரிஸிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பதும் 1911 முதல் எழுத்தில் இருக்கிறது. பங்குக்காரரின் உரிமையை நான் மதிக்கிறேன். ஒரு பெண் தன் சொந்த முதிசத்தை விற்க இன்னொருவரின் கையொப்பத்துக்குக் காத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒடியல் காயவைக்கும் முற்றம் கடற்கரைக்குக் கிட்ட இருந்தது. உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால் அதற்கும் தனி அனுமதி எடுத்தோம்.

இவையெல்லாம் காசும் பொறுமையும் கேட்டவை. வேலையாட்கள் விஷயம் மனத்தைக் கேட்டது. ஒடியல் சீவ வந்த பெண்கள் எல்லாரும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். நியமனக் கடிதத்தை நீட்டினபோது மூத்த அக்கா ஒருவர் வாங்க மறுத்தார். "தம்பி, உன்ர கொம்மாவோட ஒரே கிணத்தில தண்ணி அள்ளின ஆக்கள் நாங்கள். எங்களுக்கு ஏன் கடுதாசி? எட்டு வீதம் வெட்டினா நான் என்னத்தைக் கொண்டு போறது?"

அவர் பயம் நியாயமானது. 30,000 ரூபாய் சம்பளத்தில் 2,400 ரூபாய் கையிலிருந்து போவது வீட்டில் உறைக்கும். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் எட்டு வீதம், என் பன்னிரண்டு வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு என் கையிலிருந்து இன்னும் மூன்று. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். நாட்கூலி, துண்டுக்கூலி என்றாலும் இது உண்டு. ஒரே ஒருவர் வேலை செய்தாலும் உண்டு. அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலத்திலும் அதற்குப் பிறகும் தான் வேலை செய்த இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றில் எதிலும் அவர் பெயரில் ஒரு தாள்கூட இல்லை.

சொந்தக்காரர் என்பதால் கணக்கு வேண்டாம் என்ற பேச்சு, சம்பளம் கொடுக்கிறவருக்குத்தான் வசதி. வெளிநாட்டுக் காசோடு வருகிற எங்களை எதிர்த்துக் கேட்க ஊரிலுள்ளவர்கள் கூச்சப்படுவார்கள். வீடு திருத்தக் காசு அனுப்பினவன், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவன் என்ற நன்றி அவர்கள் வாயை அடைத்துவிடும். நான் விமானம் ஏறிப் போய்விட்டாலும் அவர்கள் தொழில் திணைக்களத்துக்குப் போகலாம். அதற்கு ஒரு தாளாவது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

"பதினாலு பேரோட நிப்பாட்டு" என்று வியாபாரம் தெரிந்த நண்பர் ஒருவர் அக்கறையோடு சொன்னார். பதினைந்து பேரானால் 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வரும்: ஐந்து வருடம் நின்றவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். ஒழுக்காற்றுக் காரணமின்றி ஆளை நிறுத்த, அவரது சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும் என்ற 1971 ஆம் ஆண்டுச் சட்டமும் கூடவே வரும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வேலை கேட்டு வந்த பெண்ணுக்குப் பதினைந்தாவது கடிதத்தைக் கொடுத்தேன். பணிக்கொடைக்கு இப்போதே மாதாமாதம் தனியாக ஒதுக்கி வருகிறோம்.