கண் திறவாத கணிப்பொறி

இரண்டாமாண்டு, பி.எஸ்சி., இயற்பியல்

“அழுகிற பிள்ளை பிழைச்சுக்கும், அழாத பிள்ளைக்குத்தான் பயப்படணும்” என்பார் என் பாட்டி. மலையில் எத்தனையோ பிரசவம் பார்த்த கை அவருடையது. அந்தச் சொல் கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஐப்பசியில்தான் அறிந்தேன்.

என் ஊர் வெள்ளிமலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் பேருந்தில் கல்வராயன் மலைக்கு வந்தவர்கள் அறிவார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு மரவள்ளிக் கிழங்கு விற்ற பணத்தில் ஏழாயிரம் ரூபாய் எடுத்து, பழைய கணிப்பொறி ஒன்றை அப்பா வாங்கித் தந்தார். பெட்டி என் மடியிலும் திரை அப்பாவின் மடியிலுமாக அது மலையேறியது. அன்று ஊரே வந்து பார்த்தது!

தங்கை பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறாள். செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. பைத்தான் நிரல்களை அவள் எழுதிப் பழக அந்த ஒரு பெட்டிதான் உண்டு. ஒரு வாரம் விடாத மழை. மலையில் மூட்டம் இறங்கி, வீட்டுச் சுவரெல்லாம் வியர்த்தது. மழை விட்ட அன்று பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுழன்றது. திரை மட்டும் கண் திறக்கவில்லை. நீண்ட ‘பீப்’ ஒலி விட்டு விட்டுக் கேட்டது.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். “போர்டு போயிருக்கும், மூவாயிரம் ஆகும்” என்றார், பெட்டியைப் பாராமலே. அப்பா என்னைப் பார்த்தார். “ஏமாந்துட்டமாடா?” என்று மெதுவாகக் கேட்டார். பிறகு கொட்டகைப் பக்கம் நடந்தார். அவர் கண் சினை ஆட்டின் மீது இருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது.

“ஒரு நாள் பொறுங்கப்பா” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, யாரைக் கேட்பது? பட்டம் பெற்ற மாமனோ சித்தப்பனோ எனக்கில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர்கள் கற்றுத் தந்த ஒன்று இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதையும் கண்டதையும் எழுதி வை. நோட்டை எடுத்தேன்.

முதலில் மின்சாரம். அதே பிளக்கில் கைபேசி ஏறியது; ஆகவே குற்றம் அங்கில்லை. விசிறி சுழல்வதால் எஸ்.எம்.பி.எஸ். மீதும் அப்போதைக்குச் சந்தேகமில்லை. திரையின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. திரை உயிரோடுதான் இருக்கிறது; பெட்டியிலிருந்து செய்திதான் வரவில்லை.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் தொடவில்லை. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கும் என்று வகுப்பில் படித்ததுதானே! உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு கிடந்தன. “திருடன் அகப்பட்டான்!” என்று தங்கை கை தட்டினாள்.

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. பொறியாளர்கள் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. எங்கள் பல்லிக்கு அப்பெருமை கிட்டவில்லை. ஓட்டை அகற்றிய பின்னும் அதே ஒலிதான். கண்ணில் பட்டதெல்லாம் காரணம் ஆகிவிடாது!

பிறகு ஒலியையே யோசித்தேன். கணிப்பொறி விழித்ததும் பயாஸ் என்னும் நிரல் நினைவகம் முதலிய உறுப்புகளைச் சோதிக்கிறது. திரை வேலை செய்யாதபோது குறையை ஒலியால் சொல்கிறது. அப்படியானால் சொல்வதற்கு உயிர் இருக்கிறதே! பாட்டியின் சொல் நினைவுக்கு வந்தது. போர்டு முழுதும் செத்திருந்தால் அது அழுதே இராது.

இரண்டு ரேம் பலகைகளையும் கழற்றிவிட்டு அழுத்தினேன். அதே அழுகை. ஒன்றைப் பொருத்தினேன்; அதே அழுகை. இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே குரல் என்றால் என்ன பொருள்? நினைவகம் இருந்தும் அதன் கண்ணுக்கு அது தெரியவில்லை! வெளிச்சத்தில் பார்த்தேன். பொன்னிறத் தொடுமுனைகளில் அடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்து மங்கலாய் ஒரு படலம். தங்கையின் ரப்பரை வாங்கி மெல்லத் தேய்த்தேன். துகளை ஊதித் துடைத்து, இரு முனையும் ‘கிளிக்’ என்று அமரப் பொருத்தினேன். பொத்தானை அழுத்தும்போது கை நடுங்கியது.

ஒரே ஒரு குறும் ஒலி. திரையில் எழுத்துகள்!

தேதி மட்டும் 2010 சனவரி 1 என்று காட்டியது. அது வேறொரு குறை. கடிகாரத்தைக் காக்கும் மூன்று வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருந்தது. நாற்பது ரூபாய்க்குப் புதியது வாங்கிப் போட்டதும் காலமும் சரியாயிற்று.

அப்பா நெடுநேரம் திரையையே பார்த்தார். “அஞ்சு ரூபா ரப்பருக்கா ஆட்டை விக்கப் பார்த்தோம்?” என்று சிரித்தார். பிறகு எழுந்து போய் ஆட்டை அவிழ்த்து மேய விட்டார்.

அன்பு நண்பர்களே! நம்மில் பலருக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அது நம் குற்றமன்று. ஆனால் வரிசையாகக் கேள்வி கேட்கும் பழக்கத்தை இக்கல்லூரி நமக்குத் தந்திருக்கிறது. பட்டம் கைக்கு வர இன்னும் ஓராண்டு ஆகலாம். அந்தப் பழக்கம் இப்போதே வீட்டுக்கு வந்துவிட்டது. இதை எழுதும்போது வெளியே ஆடு கத்துகிறது. இரண்டு குட்டிகள்.