இம்முறை விளையாட்டுப் போட்டிப் படங்களை ஏன் போடவில்லை?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்து மூன்று கிழமையாகிறது. "படங்களை ஏன் இன்னும் பேஜில போடேல்லை சேர்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற வாப்பாமார் மெசஞ்சரில் கேட்கிறார்கள். பிள்ளை ஓடியதை நேரில் பார்க்கக் கிடைக்காதவர்கள் அவர்கள். கேட்பது நியாயம். பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம். ஆசிரியர்கள் சிலர் கூடிப் பேசி எடுத்த முடிவு என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

போன தவணையில் நடந்ததிலிருந்து தொடங்குவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் அதிபரின் குரல் வந்தது. "தண்ணீர் மோட்டர் பழுதாகிவிட்டதால் நாளை பாடசாலை நடைபெறாது, பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கவும்." அவர் பேசும்போது இடையில் தொண்டையைச் செருமுவார் அல்லவா, அதுகூட இருந்தது. திங்கட்கிழமை காலை பாதிப் பிள்ளைகளும் வரவில்லை. ஏழு மணிக்கே வந்து வாசலில் நின்ற அதிபர், "எங்க பிள்ளைகள்?" என்று எங்களைக் கேட்டார்.

செய்தது தரம் 11 மாணவன் ஒருவன். போனில் ஒரு செயலியை இறக்கி, அதிபரின் பேச்சில் ஒரு நிமிடத்தைக் கொடுத்து, வேண்டிய வசனத்தை எழுதியிருக்கிறான். மிச்சத்தை அது பேசியிருக்கிறது. "இருபது நிமிச வேல சேர்" என்றான். பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது அந்தப் பதிலில். அதிபரின் பேச்சை எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டோம். பரிசளிப்பு விழா வீடியோவாம். அதைப் பேஜில் போட்டவர்கள் நாங்கள்தான்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தோம். அதிபரும் சிரித்தார். "என்ர குரலை விட நல்லாயிருக்கு" என்றார். தமிழ்ப் பாடம் படிப்பிக்கும் சக ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "இது லீவு எண்டபடியால் சிரிக்கிறம் சேர். இதே மாதிரி மௌலவியின்ர குரலிலயோ கோயில் ஐயரின்ர குரலிலயோ வேற ஒரு கதை வந்திருந்தால்?" என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது.

எங்களுக்கு அப்போது ஞாபகம் வந்தது அம்பாறை. 2018 பெப்ரவரி கடைசியில், அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்தது. சாப்பிட வந்தவர்கள் அது மலட்டு மாத்திரை என்று சத்தம் போட்டார்கள். காசாளராக நின்றவர் தமிழ் பேசும் முஸ்லிம். அவருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. சுற்றி நின்றவர்களின் கேள்விக்கு, பயத்தில், ஒப்புக்கொண்டது போன்ற ஒரு பதிலைத் தட்டித் தடவிச் சொன்னார். அதை ஒருவர் போனில் எடுத்தார். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த வீடியோ நாடு முழுக்கப் போனது. சில நாட்களின் பின் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. அது மாவுக் கட்டி. அப்படி நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரையே உலகத்தில் இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அறிக்கை வந்த நேரம் திகன எரிந்துகொண்டிருந்தது.

திகனவுக்கு வேறு காரணம் இருந்தது. தெல்தெனியவில் வீதியில் நடந்த சண்டையில் முஸ்லிம் இளைஞர்கள் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்தார்கள். அவர் வைத்தியசாலையில் இறந்துபோனார். அது உண்மை, அது குற்றம். ஆனால் கண்டி மாவட்டத்தில் ஊர் ஊராகக் கூட்டம் திரண்டது அந்த ஒரு மரணத்தால் மட்டுமல்ல. மாத்திரைக் கதையைக் கேட்டு நிரம்பியிருந்த மனங்களில்தான் அந்தச் செய்தியும் விழுந்தது. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

அடுத்த வருடம் சிலாபம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து மூன்று கிழமைதான். ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஒருவரோடு வாக்குவாதப்பட்டு, அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்தில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதை அடுத்த குண்டுக்கான எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். 2019 மே 12 இல் சிலாபத்தில் தொடங்கியது, மறுநாள் குருநாகல், மினுவாங்கொடை, புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லை வரை போனது. கொட்டாரமுல்லையில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நம்மில் பலர் 1990 வெளியேற்றத்தின் பின் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். உம்மா, ராத்தா என்று பாதிக் குடும்பம் இன்னும் அங்கேதான். அந்த இரவு வட்ஸ்அப் இல்லாமல் சாதாரண கோல் எடுத்து எடுத்துக் களைத்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் 2018 சம்பவங்களுக்காக மன்னிப்புக் கேட்டது. தன் தளத்தில் பரவிய வெறுப்பும் வதந்தியும் வெளியில் வன்முறைக்கு வழிவகுத்திருக்கலாம் என்று அது நியமித்த ஆய்வாளர்களே எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு மன்னிப்பு. எரிந்த கடைக்காரருக்கு அது கடனைக் கட்டாது. சிங்களத்தில் எழுதப்படும் விஷத்தைக் கண்டுபிடிக்கப் போதிய ஆள் அப்போது அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. தமிழும் அப்படித்தான். அதை நாங்கள் சொல்லியே ஆகவேண்டும். சஹ்ரான் தமிழில்தான் பேசினான். அவனுடைய வீடியோக்கள் அந்தத் தளங்களில் நீண்ட காலம் கிடந்தன. முஸ்லிம் அமைப்புகள் பாதுகாப்புத் தரப்பை முன்கூட்டியே எச்சரித்திருந்தன. ஆனாலும் அந்த வீடியோக்களைப் பார்த்த நம் பிள்ளைகளோடு நாம் எத்தனை பேர் உட்கார்ந்து பேசினோம்?

(போன்தான் எல்லாம் செய்தது என்றும் சொல்லமுடியாது. வைத்தியர் ஷாபி மீது நாலாயிரம் தாய்மாரின் கதையை 2019 மே மாதம் முன்பக்கத்தில் போட்டது அச்சுப் பத்திரிகை. அவர் மறுநாளே கைதானார். பிறகு, நிறுத்தி வைத்திருந்த சம்பளம் கிடைத்தபோது அந்த 26 இலட்சத்துச் சொச்சம் ரூபாயை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார். அந்தச் செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தார்கள்?)

இப்போது அதிபரின் குரலுக்கு வருவோம். அம்பாறையில் பொய்க்கு ஒரு உண்மையான மாவுக் கட்டி தேவைப்பட்டது, சிங்களம் தெரியாத ஒரு உண்மையான மனிதர் தேவைப்பட்டார். சிலாபத்தில் ஒருவர் உண்மையாகவே எழுதிய ஒரு வரி தேவைப்பட்டது. இனி எதுவும் தேவையில்லை. காசாளரே இல்லாமல் காசாளர் பேசுவார். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் போதும்.

எங்கள் கைகளும் சுத்தமில்லை. அதையும் எழுதாமல் விட்டால் இந்தப் பதிவே பொய்.

மீள்குடியேற்றக் காணிப் பிரச்சினை முல்லைத்தீவில் சூடேறியிருந்த நாட்களில், இரண்டு பக்கமும் படங்கள் பறந்தன. காடழிக்கும் இயந்திரத்தின் படம் ஒன்று, எந்த நாட்டுக் காடோ, முஸ்லிம்கள் அழிக்கும் காடு என்று வந்தது. எங்களுக்குக் கொதித்தது. அதே கிழமை எங்கள் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. தொப்பி போட்ட வியாபாரி ஒருவரை இளைஞர்கள் அடிக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கம் என்று எழுதியிருந்தது. ஒருதரம் பார்த்தோம். இரண்டாம் தரம் பார்க்கவில்லை. அனுப்பினோம். ஆறு குழுக்களுக்கு அனுப்பினோம், அதில் ஆசிரியர்களின் குழுவும் ஒன்று.

மறுநாள் அந்தத் தமிழாசிரியர் கிட்ட வந்து, போனை நீட்டி, "பின்னால இருக்கிற போட்டைப் பாத்தனீங்களோ சேர்?" என்று மெதுவாகக் கேட்டார். கடையின் பெயர்ப் பலகை வங்காள எழுத்தில் இருந்தது. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்போம். திட்டவில்லை. நாங்கள் எல்லோருக்கும் அழிக்கும் பொத்தானை அழுத்தினோம். அதற்குள் அது புத்தளம் போய், கொழும்பு போய், வெளிநாட்டிலிருந்து "உங்கட பக்கம் பிரச்சினையாமே, கவனம்" என்று எங்களுக்கே திரும்பி வந்தது.

செய்தி வந்தால் தீர விசாரி, அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்பு வருந்தாதே என்ற கருத்து சூரத்துல் ஹுஜுராத்தில் இருக்கிறது. யார் சொன்னாலும் மெய்ப்பொருளைப் பார் என்பது குறளிலும் இருக்கிறது என்றார் அவர். இரண்டையும் இருவரும் வருடக்கணக்காகப் பரீட்சைக்குப் படிப்பித்திருக்கிறோம். புள்ளியும் போட்டிருக்கிறோம்.

இனி படங்களின் விடயம்.

எங்களில் ஒருவர் முன்பு படிப்பித்த வேறொரு பாடசாலையில் நடந்தது இது. பெற்றோரிடம் கேட்டு, அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே எழுதுகிறோம். யாரென்று தேடாதீர்கள். கொமெண்டில் ஊகிக்காதீர்கள், அழித்துவிடுவோம்.

விளையாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய ஒரு மாணவி. பாடசாலைப் பேஜில் அந்தப் படத்தைப் போட்டு வாழ்த்தினார்கள். நானூறுக்கு மேல் லைக். யாரோ ஒருவர் அந்த முகத்தை மட்டும் எடுத்து, ஒரு செயலியில் கொடுத்து, வேறொரு உடம்போடு சேர்த்திருக்கிறார். உடையில்லாத உடம்பு. முதலில் மூன்று போன்களுக்கு வந்தது. அஸருக்குள் ஊருக்கே வந்துவிட்டது.

அது பொய்ப் படம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பிள்ளையிடம் வீட்டில் முதலில் கேட்ட கேள்வி, "நீ ஏன் படத்துக்கு நின்டாய்?" பாடசாலையில் கேட்டது, "உனக்கு யாரோடயாவது பழக்கமா?" ஊர்ப் பெரியவர்கள் கூடிய இடத்தில் ஒருவர், படிப்பை நிறுத்திக் கலியாணத்தைப் பார்ப்பது நல்லது என்றார். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. செய்தவன் யார் என்ற கேள்வி மூன்றாம் நாள்தான் வந்தது. அந்தப் படத்தைப் பேஜில் போட்டது யார் என்ற கேள்வி வரவே இல்லை. போட்டவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தொன்பது நாள் அவள் பாடசாலைக்கு வரவில்லை. இருபதாம் நாள் உம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, வகுப்பு வாசலில் நின்று, மணி அடிக்கும்வரை போகவில்லை. அந்த உம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். நாங்களெல்லாம் பட்டம் பெற்றவர்கள். பிள்ளை சாதாரண தரம் எழுதி, இப்போது உயர்தரம் படிக்கிறாள். யாராவது போனை உயர்த்தினால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம்.

இப்படி நடந்தால் 1929 க்கு அழைக்கலாம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். வந்த படத்தை ஆதாரம் என்று நினைத்து இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள், வந்த இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. நம் நாட்டில் வாயை மூட வந்த சட்டங்கள் முதலில் யாருடைய வாயை மூடின என்று பார்த்தவர்கள் நாங்கள்.

போனை வெறுக்கச் சொல்லவில்லை. கொரோனாக் காலத்தில் நகையை அடகு வைத்துப் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் நமக்குத் தெரியும். சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று படித்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். அந்தக் குரல் பதிவைச் செய்த மாணவனையும் நாங்கள் தண்டிக்கவில்லை. அடுத்த காலைக் கூட்டத்தில் அதை எப்படிச் செய்தான் என்று எல்லோர் முன்னாலும் விளக்கச் சொன்னோம். கீழ்வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெற்றோருக்கும் ஒருநாள் அவன் செய்து காட்டுவான், திகதியைப் பின்னர் அறிவிப்போம். உம்மாமார் கட்டாயம் வாருங்கள். "மகன் ஆபத்தில இருக்கான், காசு போடுங்க" என்று மகனின் குரலிலேயே கோல் வந்தால் என்ன செய்வது என்பதையும் அன்று பேசுவோம்.

பேஜில் கிடந்த பழைய படங்களில் பிள்ளைகளின் முகம் தெரிபவற்றை எடுத்துவிட்டோம். ஒருவர் தன் மகளின் 2022 படத்தைக் காணவில்லை என்று கோபப்பட்டார். அவருடைய வீட்டுக்கே கொண்டுபோய்ப் பிரதி கொடுத்தோம்.

இம்முறைப் படங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து இரண்டு அல்பத்தில் வைத்திருக்கிறோம். திங்கள் முதல் வியாழன் வரை, பாடசாலை விட்ட பிறகு, காரியாலயத்தில் வந்து பார்க்கலாம். உங்கள் பிள்ளையின் படத்தை உங்கள் கையில் தருவோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுக்காரரின் போனுக்கு மட்டும் அனுப்புவோம். தரம் 3 சாக்கோட்டத்தில் விழுந்து, எழும்பி, சாக்கை இழுத்துக்கொண்டே கடைசியாக வந்து சேர்ந்த மகனின் படத்தில் இரண்டு பிரதி எடுத்திருக்கிறோம். ஒன்று உம்மாவுக்கு. மற்றது, அடுத்த மாதம் லீவில் வரும் வாப்பாவுக்கு.